எட்டு மூலை

இக்கீக்கே துறைமுகத்தில்
கன்டெய்னர் கதவு திறந்தால்
முதலில் இறங்குவது சர்க்கரை வாசனை.
அப்புறம்தான் பெட்டிகள்.
எந்த தேசத்து பிஸ்கட் ஆனாலும்
ஒரியேத்தா சயாப்பாவின் மேசைக்கு வந்து
கறுப்பு வாங்கிக்கொண்டுதான்
சிலே நாட்டுக்குள் போக வேண்டும்.

கறுப்பு என்றால்
எட்டு மூலை, வெள்ளை விளிம்பு,
நடுவே ஆல்தோ என்று தொடங்கும் ஒரு வரி.
அவர்கள் மொழியில் ஆல்தோ என்றால் அதிகம்.
அதையே உரக்கச் சொன்னால், நில்.
சர்க்கரை அதிகம். உப்பு அதிகம்.
கொழுப்பு அதிகம். கலோரி அதிகம்.
சாக்லேட் பசைப் புட்டி ஒன்றுக்கு மூன்று விழுந்தது.
கண் படாதிருக்க வைக்கிற பொட்டில்லை இது,
கண் படட்டும் என்றே
அரசாங்கம் வைக்கிற பொட்டு.

ஆயிரம் ஒட்டினால் நாலாயிரத்து இருநூறு பெசோ.
கோணினால் பிடித்தம்.
கீழே இருக்கும் தேதியை மறைத்தால்
இன்னும் பெரிய பிடித்தம்.
மேற்பார்வைக்கார ரெய்னால்தோ
ஸ்கேலைக் காதில் செருகிக்கொண்டு வருவார்.
ஒரு வெள்ளிக்கிழமை, எலிசியோ
அவர் முதுகில் ஒன்றை ஒட்டிவிட்டான்.
உப்பு அதிகம்.
சாப்பாட்டு மணி வரை
அதிகமாகவே திரிந்தார் மனிதர்.

கங்காரு வந்த நாள்தான் கஷ்டமாயிருந்தது.
நீலத் தொப்பி, கையில் கரண்டி,
வயிற்றுப் பைக்குள் சோளப்பொரி.
குழந்தையைக் கைதட்டிக் கூப்பிடும் படம்
கறுப்பு விழுந்த பெட்டியில் கூடாது.
முகத்தின் மேல் வெள்ளைத் தாள்.
இரண்டாயிரத்து நானூறு முகங்கள்.
வால் மட்டும் வெளியே நீட்டியிருந்தது.
வால் யாரையும் கூப்பிடாது, விடு என்றார் ரெய்னால்தோ.
வீட்டில் மைத்தே கேட்டாள்:
கங்காரு எங்கேம்மா?
வேலைக்குப் போயிருக்கு.
என்ன வேலை?
ஒரியேத்தா
விரல் நுனியில் காய்ந்த பசையை
உருட்டிக்கொண்டே இருந்தாள்.

ஆகஸ்டில் கறுப்பு குறைந்தது.
வேஃபர் கம்பெனிக்காரன்
நூறு கிராமுக்குப் பத்து என்ற கோட்டைப் பார்த்தான்,
ஒன்பது புள்ளி ஒன்பதில் இறங்கி நின்றுகொண்டான்.
போட்டோ எடுக்கும்போது
மூச்சை இழுத்துப் பிடிக்கிற தொப்பைக்காரன் மாதிரி.
பொட்டில்லாத நெற்றியோடு
பளபளவென்று அவள் மேசையைத் தாண்டிப் போயின
வேஃபர் பெட்டிகள்.
சட்டம் ஜெயித்துவிட்டது என்றது வானொலி.
ஜெயித்ததுதான், அவளும் மறுக்கவில்லை.
தம்பிக்குச் சர்க்கரை வந்து
இடது கால் கட்டைவிரலை எடுத்த ஆஸ்பத்திரியில்
அவள்தான் பக்கத்தில் இருந்தாள்.
ஆனாலும் அந்த வாரம்
அவள் ஒட்டியது அறுநூறு.
கூலிச்சீட்டில் எந்த மூலையிலும்
குறைவு என்று யாரும் அச்சடித்திருக்கவில்லை.

சாயங்காலம் வண்டிக்காரியிடம்
கடுகுச் சாந்து தடவிய பூசணி வடை இரண்டு.
எண்ணெய் ஊறிய காகிதம்.
அதில் சட்டமும் இல்லை, கிராமும் இல்லை,
போன மாதத்துச் செய்தித்தாளின் கால்பந்துப் பக்கம்.
நின்றபடியே தின்றாள்.
காகிதத்தையும் ஒருமுறை நக்கினாள்.

மினிபஸ்ஸில் எதிர் சீட்டுப் பையனுக்கு
எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயது.
அவள் முழங்கைக்குப் பின்னால்
அவளுக்கே தெரியாமல் ஒட்டிக்கொண்டிருந்த கறுப்பை
உற்றுப் பார்த்தான்.
உதடு அசைந்தது. ஒவ்வோர் எழுத்தாக ஏறி
முதல் சொல்லின் உச்சிக்குப் போனதும்
சந்தோஷம் தாங்காமல் கத்தினான்:
ஆல்தோ!

டிரைவர் பிரேக்கை மிதித்தார்.
நின்றிருந்தவர்கள் எல்லோரும் ஒரு அடி முன்னால் சாய்ந்தார்கள்.
கதவு திறந்தது.
வெளியே கடல்மூட்டம், ஒரு நாய்,
மணல்மேட்டின் அடிவாரம்.

யாரும் இறங்கவில்லை.